குறி சொல்லாத வைத்தியர்

வருங்காலத்தை முன்கூட்டியே அறிந்துகொள்ள வேண்டும் என்னும் ஆசை மனிதனோடு உடன்பிறந்தது. சோழி உருட்டுவோரும், வெற்றிலையில் மை தடவிப் பார்ப்போரும், கிளியைக் கொண்டு சீட்டெடுப்போரும் இவ்வாசையை முதலாக வைத்தே வாணிகம் நடத்துகின்றனர். இவர்களைக் கண்டித்து நாமும் மேடைகளிற் பேசியதுண்டு; கட்டுரைகள் வரைந்ததும் உண்டு. ஆயினும், நேயர்களே, நாமே ஒருகால் குறி கேட்கப் போனோம். கேட்டது பூசாரியிடம் அன்று. படித்துப் பட்டம் பெற்ற ஒரு டாக்டரிடம். அவர் குறி சொல்ல மறுத்தார். மறுத்தவரை நாம் வெறுத்தோம். அவ்வெறுப்பினால் விளைந்த கேட்டையும், அதனின்று நாம் கற்ற பாடத்தையும் மறையாது கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நமது தம்பி பேராக் மாநிலத்துத் தோட்டமொன்றில் வளர்ந்தவன். 1991-ஆம் ஆண்டில் அவனுக்கு வயது 22. தோட்டத்து ஆலையில் வேலை, மாலையிற் பந்தாட்டம், யாரிடத்தும் சிரித்த முகம். அவ்வாண்டின் நடுவில் அவன் போக்கு மாறிற்று. இரவெல்லாம் உறங்காது லயத்தைச் சுற்றி வந்தான். தன்னைப் பற்றிப் பலர் பேசிக்கொள்வது சுவரின் வழியாகக் கேட்கிறது என்றான். தாயார் இட்ட சோற்றில் நஞ்சு கலந்திருப்பதாகக் கூறித் தட்டைத் தள்ளினான். தாயார் தம் காதுத் தோட்டை அடகு வைத்து, முந்நூறு வெள்ளி பெற்று, பக்கத்துத் தோட்டத்துப் பூசாரியிடம் அவனை அழைத்துச் சென்றார். பூசாரி உடுக்கடித்தான், கருங்கோழி அறுத்தான், “நாற்பத்தெட்டாம் நாள் பிள்ளை வேலைக்குப் போவான், போகாவிட்டால் இந்த உடுக்கையை நான் தொடமாட்டேன்” என்று ஆணையிட்டான். நாற்பத்தெட்டு நாளும் கழிந்தன. பிள்ளை வேலைக்குப் போகவில்லை. பூசாரியும் உடுக்கையை விடவில்லை.

அக்காலத்தில் நாம் பட்டணத்தில் ஆசிரியத் தொழில் செய்து வந்தோம். செய்தி கேட்டுத் தோட்டத்திற்கு விரைந்து, தாயாரைக் கடிந்து, தம்பியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதென முடிவு செய்தோம். அதுவும் எளிதாக இருந்ததில்லை. 1911-ஆம் ஆண்டில் தஞ்சோங் ரம்புத்தானில் திறக்கப்பெற்ற மனநோய் ஆஸ்பத்திரியின் பெயர் நம்மவர் வாயில் ஓர் ஏசற்சொல்லாகவே ஆகிவிட்டது. சிங்கப்பூரில் உட்பிரிட்ஜ் என்னும் பெயருக்கும் அக்கதியே நேர்ந்தது. நோயுற்றவனுக்கு ஆறுதலாக அமைய வேண்டிய பெயரைக் கொண்டு குழந்தைகளை மிரட்டும் சமூகம் நமது சமூகம். “ஊரார் என்ன சொல்வார்கள்?” என்று தாயார் அழுதார். நாம் கேட்கவில்லை. அவ்விரண்டும் அல்லாத வேறோர் ஆஸ்பத்திரியில் அவனைச் சேர்த்தோம்.

டாக்டர் ஒரு மணி நேரம் பேசிப் பார்த்தார். இது மனச்சிதைவு நோய் என்றார். ஹாலோபெரிடால் என்னும் மாத்திரையைத் தொடங்குவதாகக் கூறினார். “இம்மருந்தால் எத்தனை நாளிற் குணமாகும்?” என்று கேட்டோம். “சொல்ல இயலாது” என்றார். “இவனுக்கு இது பொருந்துமா?” என்றோம். “அதையும் கொடுத்துப் பார்த்தே அறிய வேண்டும். பொருந்தாவிடின் வேறொன்று கொடுப்போம்” என்றார். நமக்குச் சினம் மூண்டது. பூசாரியாவது ஒரு நாளைக் குறித்தான். இத்தனை ஆண்டு கற்ற இவருக்கு அதுவும் தெரியவில்லையே என எண்ணினோம். அவர் மேலும் ஏதேதோ கூறினார். குணம் பற்றிய வாக்கு அதில் இல்லாமையால் நம் செவி அதனை ஏற்கவில்லை.

மூன்றாம் நாள் தம்பியின் கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டது. விழிகள் மேலேறி நின்றன. “அம்மன் இறங்கிவிட்டாள்” என்று தாயார் கைகூப்பினார். மருந்து நஞ்சாயிற்று என்று நாம் கூவினோம். டாக்டர் வந்து ஓர் ஊசி போட்டார். கால் மணி நேரத்தில் கழுத்து நேராயிற்று. “இம்மருந்து இளவயது ஆண்களுக்கு முதற் சில நாட்களில் இவ்வாறு செய்யக்கூடும் என்று அன்றே சொன்னேனே!” என்றார். ஆம், சொல்லியிருந்தார். அவர் முன்னறிந்து கூறிய ஒரே செய்தி அதுதான். அது பலித்தது. அதைத்தான் நாம் கேளாதிருந்தோம்.

இரண்டு வாரம் சென்றது. தாயார் நம்மிடம், “தம்பி, மூன்று ராத்திரியாய்ப் பிள்ளை தூங்குகிறான். நேற்றுச் சோற்றைக் கேட்டு வாங்கித் தின்றான்” என்றார். நாமோ, “குரல் இன்னும் கேட்கிறது என்கிறானே, அம்மா! இது வைத்தியமா?” என்று அவர் வாயை அடக்கினோம். ஆஸ்பத்திரியிலிருந்து அவனை விடுவித்துக்கொண்டு, பட்டணத்தில் வேறொரு டாக்டரை நாடினோம். அவரிடமும் பொறுமையில்லை, மற்றொருவரிடம் போனோம். ஐந்து மாதத்தில் நான்கு மருந்துகள். மூன்று வாரத்திற்கு மேல் எதுவும் நிலைக்கவில்லை. ஆறாம் மாதத்தில், கையில் எம்மருந்தும் இல்லாதிருந்த ஓர் இரவில், தம்பி வீட்டை விட்டு வெளியேறினான். விடியற்காலையில் பால் வெட்டப் போனவர்கள் அவனைத் தண்டவாளத்தின் மேல் அமர்ந்திருக்கக் கண்டு தூக்கி வந்தார்கள். அரை மணி நேரம் கழித்து அவ்வழியே வண்டி போயிற்று. அவ்வண்டியின் ஓசையை இன்றும் நாம் மறந்தோமில்லை.

மீண்டும் அந்த முதல் டாக்டரிடமே போய் நின்றோம். அவர் கடிந்துகொள்ளவில்லை. “எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை நாள் கொடுத்தீர்கள்? ஒவ்வொன்றிலும் என்ன மாறிற்று?” என்று மட்டும் கேட்டார். நம்மிடம் விடையில்லை. தோட்டத்திலே ஒரு மரத்தின் பால் குறைந்தாலும் கணக்கில் ஏறும். ஓர் ஆள் பெரட்டுக்கு வாராவிட்டாலும் செக்ரோலில் ஏறும். ஒரு மனிதனின் அறிவு திரும்பி வருகிறதா என்பதற்கு மட்டும் நம் வீட்டில் ஏடு இல்லை. “நான்கு மருந்து கொடுத்தும் நமக்கு ஒன்றும் தெரியவில்லை, முதலிலிருந்து தொடங்க வேண்டும்” என்றார் டாக்டர். பகுத்தறிவு பேசிய நாம் கைக்கொண்ட முறை அத்தகையது!

நிற்க. அன்று முதல் இவ்விஷயத்தைப் பற்றிக் கிடைத்த நூல்களையும் கட்டுரைகளையும் படிக்கலானோம். ஒரு மருந்தின் பயனை எவ்வாறு அளப்பது? கொடுத்தோம், குணமாயிற்று, ஆகவே மருந்து நல்லது என்று கூறினால் ஆகாதோ? ஆகாது. நோய் தானே தணிவதும் உண்டு. கவனிப்பாலும் நம்பிக்கையாலும் தணிவதும் உண்டு. பூசாரியின் புகழ் இந்த இடைவெளியிலேதான் வளர்கிறது. வைத்தியர்களும் இவ்வலையில் விழுந்ததுண்டு. 1930-ஆம் ஆண்டுகளில் வியன்னா நகரத்து மான்ஃபிரெட் சாக்கல் என்பவர், மனச்சிதைவுற்றோரை இன்சுலின் ஊசியால் ஆழ்ந்த மயக்கத்தில் வீழ்த்தி எழுப்பும் முறையைப் பரப்பினார். உலகெங்கும் பெரிய ஆஸ்பத்திரிகள் அதனைக் கைக்கொண்டன. சிலர் மயக்கத்திலிருந்து எழாமலே மாண்டனர்; எனினும் முறை புகழப்பட்டது. 1957-ஆம் ஆண்டில் லண்டனில் ஆக்னர் முதலிய மூவர் ஒரு சோதனை செய்து வெளியிட்டனர். நோயாளரை இரு கூறாக்கினர். எவர் எக்கூற்றில் என்பதை வைத்தியர் விருப்பத்திற்கு விடாமல், சீட்டுக் குலுக்குவது போன்ற முறையால் முடிவு செய்தனர். ஒரு கூற்றாருக்கு இன்சுலின் மயக்கம். மற்றவருக்குத் தூக்க மருந்தால் அதுபோன்ற மயக்கம். கவனிப்பு இருவருக்கும் ஒன்றே. முடிவில் இரு கூற்றாருக்கும் வேற்றுமை காணப்படவில்லை. இன்சுலினுக்கென்று தனிப் பெருமை இல்லை என்பது தெளிவாயிற்று. ஒப்பிட்டுப் பாராத வரையில் வைத்தியசாலையிலும் உடுக்கு ஒலிக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

1952-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து சாந்த் ஆன் ஆஸ்பத்திரியில் டிலேய், டெனிக்கர் என்னும் இருவர் குளோர்புரோமசின் என்னும் மருந்தை மனநோயாளருக்குக் கொடுத்து, அதன் பயனை வெளியிட்டனர். அதன்பின் இவ்வினத்து மருந்துகள் பல தோன்றின. அவற்றுள் எது சிறந்தது? 2013-ஆம் ஆண்டில், 15 மருந்துகளைப் பற்றிய 212 சோதனைகளையும், அவற்றிற் பங்கு பெற்ற 43,049 பேரின் கணக்கையும் ஒன்றுசேர்த்து ஆராய்ந்தார்கள். வெற்று மாத்திரையினும் அவையனைத்தும் மேலானவை. குளோசபைன் என்பது தலைமையானது. மற்றவற்றிற்குள் நோய் தணிக்கும் ஆற்றலில் வேற்றுமை பெரிதன்று. ஆனால் அவை தரும் துன்பங்களிலோ வேற்றுமை மிகப் பெரிது. ஒன்று உடலைப் பருக்கச் செய்யும்; ஒன்று கைகால்களை விறைக்கச் செய்யும்; ஒன்று ஓயாது உறங்கச் செய்யும். ஆகவே, எது குணப்படுத்தும் என்று முன்கூட்டிச் சொல்வதைவிட, எது எத்தகைய துன்பம் தரும் என்று சொல்வதே டாக்டருக்கு எளிது. நம் தம்பியின் கழுத்து இதைத்தான் நமக்குக் கூறிற்று.

இத்தகைய கணக்குகள் கூட்டத்தைப் பற்றியவை; தனி மனிதனைப் பற்றியவை அல்ல. தோட்டத்து மக்களுக்கு இதனை விளக்குவது எளிது. ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்னும் ஒட்டு இரப்பர் நன்றாகப் பால் தருவது என்று ஆராய்ச்சி நிலையத்தார் பல நிலங்களில் நட்டு, அளந்து கூறினார்கள். அது மெய். எனினும் அதே ஒட்டு மரங்கள் நிற்கும் நிரையில் ஒன்று மங்கு நிறையப் பால் தரும். அடுத்தது பாதி தரும். எந்த மரம் எவ்வளவு தரும் என்பது, நாள்தோறும் வெட்டுகிறவன் கைக்கே தெரியும். மருந்தும் அவ்வாறே. 2012-ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு கணக்கைப் பாருங்கள். குணம் கண்டபின் மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஏறத்தாழ ஓராண்டுக்குள் மீண்டும் நோயுற்றவர் நூற்றுக்கு 27 பேர். மருந்தை மாற்றி வெற்று மாத்திரை கொடுக்கப்பட்டவர்களில் 64 பேர். மருந்தின் பெருமை இதில் நன்கு விளங்குகிறது. ஆயினும் மருந்துண்டும் வீழ்ந்த அந்த 27 பேர் யார்? மருந்தின்றியும் வீழாத 36 பேர் யார்? முன்கூட்டி அவர் முகத்தைக் காட்ட இக்கணக்கால் இயலாது. அந்த 36 பேரில் நம் பிள்ளையும் ஒருவன் என்று தாமாகவே முடிவு கட்டிக்கொண்டு மாத்திரையை நிறுத்துவோர், நாம் செய்த பிழையையே செய்கின்றனர்.

இயந்திரங்களைக் கொண்டு இதனை அறியலாகாதோ என வினவுவர் இக்காலத்து இளைஞர். முயன்று பார்த்தனர். 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ‘சயன்ஸ்’ என்னும் இதழில் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. மனச்சிதைவு மருந்துகளைப் பற்றிய ஐந்து பெரிய சோதனைகளின் விவரங்களைக் கணினிக்கு ஊட்டி, எவர் குணமடைவர் என்று கூறப் பழக்கினார்கள். தான் பழகிய சோதனையில் அது திறம்படக் கூறிற்று. வேறொரு சோதனையின் நோயாளரைக் காட்டியபோதோ, காசைச் சுண்டிப் பார்ப்பதனினும் மேலாக அதனாற் கூற இயலவில்லை. நடந்து முடிந்ததைச் சொல்வதிற் குறிகாரனும் வல்லவனே அன்றோ! இரத்தத்தையோ எச்சிலையோ சோதித்து, எந்த மனநோய் மருந்து உங்களுக்கு ஏற்றது எனக் கூறுவோம் என்று விளம்பரம் செய்வோரும் இன்று உளர். போதிய ஆதாரமின்றி இவ்வாறு கூறப்படுவதைக் குறித்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிலையம் 2018-ஆம் ஆண்டில் எச்சரித்தது. புதிய உடையில் வந்தாலும் வெற்றிலை மை வெற்றிலை மைதான்.

அங்ஙனமாயின் எதையுமே முன்னறிய முடியாதோ? அவ்வாறு கூறுவதும் பிழையே. சிலவற்றை உறுதியாக அறிந்திருக்கிறார்கள். கார்பமசெபின் என்பது வலிப்புக்கும், மன எழுச்சி நோய்க்கும் கொடுக்கப்படும் மருந்து. சிலருக்கு அது தோலை வெந்தாற்போல் உரியச் செய்து உயிருக்கே உலை வைக்கும். 2004-ஆம் ஆண்டில் தைவான் ஆராய்ச்சியாளர், அவ்வாறு துன்புற்ற 44 பேரைச் சோதித்தபோது, 44 பேரிடத்தும் ஒரே பிறப்புக்கூறு இருக்கக் கண்டனர். எச்.எல்.ஏ.-பி 1502 என்பது அதன் குறியீடு. சீனர், மலாய்க்காரர் முதலிய ஆசிய மக்களிடம் அது மிகுதி; இந்தியரிடமும் உண்டு. 2013-ஆம் ஆண்டு முதல் சிங்கப்பூரில், ஆசிய வழியினர்க்கு இம்மருந்தைப் புதிதாகத் தொடங்குமுன் இரத்தத்தைச் சோதித்துப் பார்ப்பது வைத்திய முறையாக ஏற்கப்பட்டது. பல்லின மக்கள் வாழும் நம் நாடுகளில் எத்தனை உயிரைக் காக்கவல்ல அறிவு இது! மெய்யான முன்னறிவு இத்தகையது. இன்ன மருந்து, இன்ன ஆபத்து, இன்ன சோதனை என்று அது எல்லை கட்டிப் பேசும். எல்லாவற்றையும் அறிவேன் என்று அது பேசுவதில்லை.

இன்னொன்றும் அறிந்திருக்கிறார்கள். அதைப் படித்த நாளில் நம் நெஞ்சு துணுக்குற்றது. மனச்சிதைவு மருந்து ஒன்றைத் தொடங்கி இரண்டு வாரத்தில் சிறு மாற்றமும் காணாதவர், அதே அளவில் அதனைத் தொடர்ந்து பெரும்பயன் பெறுவது அரிது. சிறிதேனும் மாற்றம் கண்டவர்க்கோ மேலும் நலம் பெற வழியுண்டு. அச்சிறு மாற்றமே இன்றைக்கு டாக்டர்களிடம் உள்ள நல்ல அடையாளங்களுள் ஒன்று. நேயர்களே, “மூன்று ராத்திரியாய்ப் பிள்ளை தூங்குகிறான்” என்று தாயார் சொன்னது அதையன்றோ? எழுத்தறியாத அவர் கண்ணுக்குப் பட்டது, ஏடுகள் பல கற்ற நம் கண்ணுக்குப் படவில்லை. பூசாரியை நம்பியதற்காக அவரை ஏசிய நாம், அவர் கண்ணால் கண்டு கூறியதையும் மூடத்தனம் என்று ஒதுக்கினோம். அறியாமையும் அவதானிப்பும் ஒரே மனிதரிடம் உடனிருக்கக் கூடும் என்பதை அன்று நாம் அறியவில்லை.

இரண்டாம் முறை ஒழுங்காகத் தொடங்கினோம். மருந்துக்கு ஒரு குறிப்பேடு வைத்தோம். நாட்காட்டியைத் தாயார் ஏற்றுக்கொண்டார். பிள்ளை முழு இரவு உறங்கினால் கரித்துண்டால் ஒரு முழுக்கோடு. பாதி உறங்கினால் அரைக்கோடு. சோறு மறுத்தால் ஒரு வட்டம். திங்கள்தோறும் அந்தத் தாளைக் கிழித்து டாக்டரிடம் கொடுப்பார். அவரும் அதனைக் கூர்ந்து பார்ப்பார். இரண்டு மருந்துகளை முறைப்படி, உரிய அளவில், உரிய காலம் கொடுத்துப் பார்த்தும் போதிய பயனில்லை என்பது ஐயமின்றித் தெளிந்தது. 1997-ஆம் ஆண்டில் டாக்டர் குளோசபைனைப் பற்றிக் கூறினார்.

அம்மருந்தின் கதையையும் அவர் ஒளிக்கவில்லை. 1975-ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டில் அதை உண்டவருள் எட்டுப் பேர், இரத்தத்திலுள்ள வெள்ளையணுக்கள் அற்றுப்போய் மாண்டனர். அதன்பின் அது பல நாடுகளில் ஒதுக்கப்பட்டது. 1988-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வேறு மருந்துகளுக்கு இணங்காத 268 பேருக்கு ஆறு வாரம் கொடுத்து ஒப்பிட்டதில், குளோர்புரோமசினாற் பயன்பெற்றவர் நூற்றுக்கு 4 பேர். குளோசபைனாற் பயன்பெற்றவர் 30 பேர். ஆகவே, வாரந்தோறும் இரத்தம் சோதிக்கும் கட்டுப்பாட்டுடன் அது மீண்டும் வந்தது. “நூற்றுக்கு முப்பது, நாட்பட்டால் இன்னும் சிலர் தேறலாம். உங்கள் பிள்ளை அதிலொருவரா என்பது கொடுத்துப் பார்த்தாலே தெரியும்” என்றார் டாக்டர். தாயார் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, “பூசாரி நூறு என்றான், ஒன்றும் நடக்கவில்லை. இவர் முப்பது என்கிறார். கொடுங்கள், ஐயா” என்றார்.

முதல் 18 வாரம் வாரந்தோறும், பின்னர் மாதந்தோறும், தம்பி கையை நீட்டி இரத்தம் கொடுத்தான். நாட்காட்டியில் முழுக்கோடுகள் மெல்ல மெல்லப் பெருகின. எட்டாம் மாதத்தில் ஒரு நாள், “அண்ணே, சத்தம் தூரமாய்ப் போய்விட்டது” என்றான். அற்றுப்போகவில்லை, தூரமாயிற்று. அதுவே அவனுக்குப் போதுமானதாயிற்று. ஒரு நாற்றுப் பண்ணையில் அரை நாள் வேலைக்குச் சேர்ந்தான். விலையும் கொடுத்தான்: உடல் பருத்தது; நீரிழிவு வந்தது. சில ஆண்டுகளுக்குப் பின் அவன் சிகரெட்டை விட்டபோது, எப்போதும் இல்லாத உறக்கம் அவனை அழுத்திற்று. புகையிலைப் புகை குளோசபைனை உடலில் விரைவில் அழியச் செய்யும். புகையை நிறுத்தினால் இரத்தத்தில் அதன் அளவு ஒன்றரை மடங்காகவும் அதற்கு மேலும் உயரக்கூடும். இதையும் டாக்டர் முன்னரே கூறியிருந்தார். இம்முறை நாம் கேட்டிருந்தோம். உடனே சென்று தெரிவித்தோம், அளவு குறைக்கப்பட்டது, உறக்கம் தெளிந்தது.

2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 6-ஆம் நாள் தமிழ்நாட்டு ஏர்வாடியில் மனநோயாளர் விடுதியொன்று தீப்பற்றியது. சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தமையால் ஓட மாட்டாது 28 பேர் மாண்டனர். அச்செய்தியை நாம் வாசித்துக் காட்டியபோது, தாயார் தம்பியின் கையைப் பற்றிக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. அவர் மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. கரிக்கோடிட்ட அவருடைய தாள்களை நாம் இன்றும் காத்து வருகிறோம். கோடிடும் பணி இப்போது தம்பியினுடையது. தன் கணக்கைத் தானே எழுதுகிறான்.

தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் நம் சகோதர சகோதரிகளுக்கு நமது வேண்டுகோள் இது. வீட்டில் ஒருவர் மனநோயுற்றால் ஒளிக்காதீர்கள், கட்டாதீர்கள், காலந்தாழ்த்தாது ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே டாக்டரிடம் குறி கேளாதீர்கள். “தெரியாது; பார்த்து அறிவோம்” என்று கூறுபவரை அறிவற்றவர் என எண்ணி வேறிடம் ஓடாதீர்கள்; எதைப் பார்க்க வேண்டும், எத்தனை நாள் பார்க்க வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டும் என்று அவரிடம் கேளுங்கள். மருந்தைத் தாமாக நிறுத்தாதீர்கள். ஒவ்வாவிடின் சென்று சொல்லுங்கள். வீட்டில் ஓர் ஏடு வையுங்கள். எழுதத் தெரிந்தவர் எழுதுக, தெரியாதவர் கோடிடுக. உறுதியாக நாள் குறிப்பவனிடம் ஐயம் கொள்ளுங்கள். நூற்றுக்கு முப்பது என்று மெய் கூறுபவரிடம் நம்பிக்கை வையுங்கள். அந்த முப்பதுக்குள்ளேதான் நமது தம்பி இருந்தான்.